ஊளையிடும் லிஃப்ட் பம்பு: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய டிராக்டரின் லிஃப்ட் பம்பு (பின்னால் மாட்டும் கருவியை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பின் பம்பு) சத்தம் போடத் தொடங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், புதுப் பம்புக்கு விலை விசாரிப்பது. நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன். வாங்கி வந்து, ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டி மாட்டி, எஞ்சினைக் கிளப்பினால் அதே ஊளை. புதுப் பம்பு பழையதைவிடச் சற்று உரக்கவே கத்தியது. கடைசியில் பிடிபட்டது, உறிஞ்சு குழாயின் முனையில் இருந்த ஓரிங் என்ற ரப்பர் வளையம். வெளியே எடுத்தபோது அது ரப்பராகவே இல்லை. கண்ணாடி வளையல் போல இரண்டாக உடைந்தது.

அதற்குப் பிறகு ஒரு வரிசையைப் பழக்கிக்கொண்டேன். முதலில் எண்ணெய், அடுத்து காற்று, அடுத்து அடைப்பு, பிறகு வால்வு, எல்லாம் பார்த்து முடித்த பிறகே பம்பு. முன்னால் இருப்பவை செலவு குறைந்தவை. அதோடு, பெரும்பாலான சத்தங்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. ஸ்பானரை இப்போதுதான் கையில் எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பம்பு ஏன் கத்துகிறது

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. பம்பு எண்ணெயை இழுக்கிறது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் எண்ணெயை எதனாலும் இழுக்க முடியாது. பம்பு தன் வாயில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. வெளியே உள்ள காற்றின் அழுத்தம் எண்ணெயை அந்த இடத்துக்குள் தள்ளிவிடுகிறது. காற்று மண்டலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். பம்பின் வெளியேறும் பக்கத்தில் 150 பாரோ அதற்கு மேலோ இருக்கலாம். உள்ளே வரும் பக்கத்தில் நமக்குக் கிடைப்பது இந்த ஒரே ஒரு பார்தான். அதையும் முழுதாகச் செலவழிக்க முடியாது.

இதனால்தான் அழுத்தப் பக்கத்தில் இருக்கும் சிறு கோளாறு பம்பைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. உறிஞ்சும் பக்கத்திலோ ஒரு சல்லடை பாதி அடைத்திருந்தால் போதும், ஒரு வளையம் காய்ந்திருந்தால் போதும், பம்பு பட்டினி கிடக்கத் தொடங்கிவிடும். நாம் கேட்கும் ஊளை அந்தப் பட்டினியின் சத்தம்.

பட்டினி இரண்டு விதம். சாதாரணத் தாது எண்ணெயில் அதன் கன அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு காற்று கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது. உறிஞ்சும் வழி அடைத்துக்கொண்டால் பம்பின் வாயில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, கரைந்த காற்று குமிழிகளாகப் பிரிகிறது. எண்ணெயின் ஆவியும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் குமிழிகள் அழுத்தப் பக்கத்துக்குப் போனதும் நொடியில் நசுங்கி வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் உலோகத்தில் ஊசி முனை அளவுக்குக் குழி பறிக்கிறது. சத்தம், தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கினாற்போல, இல்லையென்றால் விடாத கூர்மையான ஊளையாக இருக்கும். இதைக் குழிவெடிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

மற்றது, வெளிக்காற்று உள்ளே புகுவது. வழியில் எங்கோ ஒரு சந்து. எண்ணெயோடு காற்றும் சேர்ந்து போகிறது. இதன் சத்தம் ஒழுங்கில்லாதது: கரகரக்கும், திடீரென அடங்கும், மறுபடி தொடங்கும். எண்ணெய் நுரைத்துக்கொண்டு நிற்கும். லிஃப்ட் ஒரே சீராக ஏறாமல் திக்கித் திக்கி ஏறும்.

கை வைப்பதற்கு முன்

டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பின்னால் மாட்டியிருக்கும் கருவியை முழுதாகத் தரையில் இறக்கிவிடுங்கள். லிஃப்ட் மேலே நிற்கிறது என்பதற்காக அதை நம்பி ஒருவரும் அடியில் தலையை நுழைக்கக் கூடாது. எஞ்சின் நின்ற பிறகு அந்தக் கருவியைத் தாங்கிக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் வளையமும் ஒரு வால்வின் இருக்கையும் மட்டுமே. தூக்கிய நிலையில்தான் வேலை செய்ய வேண்டும் என்றால் கனமான மரக்கட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் கருவியை உட்காரவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஊசித்துளை அளவு கசிவிலிருந்து உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது சிறு புள்ளி. வலியும் முதலில் அதிகம் இருக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நேர்ந்தால் 'சின்னக் காயம்தானே' என்று துணி சுற்றிக்கொண்டு உட்காராமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், எண்ணெய் பீய்ச்சி உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்ததால் விரலை இழந்தவர்கள் உண்டு. கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். நனைந்தால் கசிவு அங்கே இருக்கிறது.

தளர்வான சட்டை, தோளில் துண்டு, கழுத்தில் சங்கிலி எதுவும் வேண்டாம். சோதனைகள் பலவற்றை எஞ்சின் ஓடும்போதே செய்ய வேண்டியிருக்கும். விசிறியும் பீடிஓ தண்டும் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டு) யாரையும் பார்த்துச் சுற்றுவதில்லை.

சத்தம் பம்பிலிருந்துதான் வருகிறதா

இந்தக் கேள்வியைத் தாண்டி ஓடுகிறவர்கள் அதிகம். பழைய டிராக்டரில் ஊளையிட ஏராளமான உறுப்புகள் காத்திருக்கின்றன: ஆல்டர்னேட்டர் பேரிங், நீர்ப் பம்பின் பேரிங், கிளட்ச் பேரிங், கியர் பாக்ஸின் மேல் தண்டு.

எளிய சோதனை, நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றின் உலோக முனையைப் பம்பின் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பது. ஒரு மரக்குச்சியும் உதவும். பம்பு, அதன் அருகே உள்ள பேரிங், ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் வால்வு) என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேளுங்கள். பிறந்த இடத்தில் சத்தம் கூர்மையாக இருக்கும். பக்கத்து உறுப்பில் மழுங்கிக் கேட்கும். பெல்ட், விசிறி, பீடிஓ பக்கம் குச்சியைக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து, பம்பை நிறுத்திப் பாருங்கள். எஞ்சினின் முன்பக்கத்தில் மாட்டிய பம்பை எஞ்சின் ஓடும்போது நிறுத்த முடியாது. கியர் பாக்ஸ் வழியாகவோ பீடிஓ தண்டின் வழியாகவோ சுற்றும் பம்பை நிறுத்தலாம்: கிளட்சை அடிவரை மிதித்தாலோ பீடிஓ நெம்புகோலை விடுவித்தாலோ சுழற்சி நின்றுவிடும். சத்தமும் கூடவே நின்றால் சந்தேகம் பம்பின் பக்கம் நெருங்குகிறது. கிளட்சை மிதிக்கும்போது மட்டும் புதிதாக ஒரு சத்தம் பிறந்தால் அது கிளட்ச் பேரிங். இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அதைக் கவனியுங்கள்.

சத்தம் எப்போது வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு துண்டுக் காகிதம் போதும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, அரை மணி நேரம் வேலை செய்து சூடான பிறகு ஒருமுறை கேளுங்கள். மெதுவாக ஓடும்போது எப்படி, வேகத்தைக் கூட்டும்போது எப்படி, லிஃப்ட் சும்மா நிற்கும்போது, ஏறும்போது, உச்சியில் நிற்கும்போது எப்படி. இந்தக் குறிப்பு கையில் இருந்தால் பாதிச் சோதனைகளைச் செய்யவே வேண்டாம்.

காலையில் உரக்கக் கத்தி, எண்ணெய் சூடானதும் அடங்கினால், எண்ணெய் தடிப்பாக இருக்கிறது அல்லது வழி குறுகியிருக்கிறது. குளிர்ந்த தடித்த எண்ணெய் சல்லடையைக் கடக்க முடியாமல் திணறுகிறது. எஞ்சின் வேகம் கூடக்கூட, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊளை ஏறினால் அதுவும் அடைப்பின் பக்கமே கைகாட்டுகிறது. வேகம் கூடினால் பம்பு கேட்கும் எண்ணெயின் அளவும் கூடுகிறது. லிஃப்ட் உச்சிக்குப் போனதும் மட்டும் சீறினால் ரிலீஃப் வால்வு. கனமான கருவியைத் தூக்கும்போது மட்டும் உறுமினால், அதுவும் சூடான பிறகு தூக்கும் வேகமும் குறைந்தால், பம்பின் உள்தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். மேட்டில் ஏறும்போதோ ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போதோ மட்டும் வந்தால் எண்ணெய் குறைவு. உறிஞ்சு வாய் எண்ணெய்க்கு வெளியே தலைகாட்டுகிறது.

எண்ணெய்

பழைய டிராக்டர்கள் பலவற்றில் கியர் பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே தொட்டி, ஒரே எண்ணெய். அளவைப் பார்க்கும்போது லிஃப்ட் கீழே இறங்கியிருக்க வேண்டும். தூக்கிய நிலையில் பார்த்தால் சிலிண்டருக்குள் போன எண்ணெய் கணக்கில் வராது. டிப்பர் டிரெய்லரின் சிலிண்டரையோ வேறு வெளிக்கருவியையோ இதே ஹைட்ராலிக்கில் இணைத்துப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீளமான டிப்பர் சிலிண்டர் முழுதாக நீண்டு நிற்கும்போது தொட்டியிலிருந்து பல லிட்டர் வெளியே போயிருக்கும். டிப்பரைத் தூக்கும்போது மட்டும் பம்பு அலறினால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அளவு சரியாக இருக்கிறதென்றால் எண்ணெயின் முகத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, சுத்தமான கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். பால் போல வெளுத்திருந்து, அடியிலிருந்து மெல்லத் தெளிந்து, கொஞ்ச நேரத்தில் முழுதாகத் தெளிந்துவிட்டால் கலந்திருந்தது காற்று. மறுநாள் காலையிலும் அப்படியே கலங்கி நின்றால் அது தண்ணீர். சந்தேகம் தீராவிட்டால், நன்றாகச் சூடேற்றிய இரும்புத் தகட்டில் ஒரே ஒரு துளி விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் புகையும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் செய்யுங்கள்.

மழையில் நிற்கும் பழைய டிராக்டரில், கியர் நெம்புகோலின் கிழிந்த ரப்பர் உறை வழியாகத் தண்ணீர் இறங்குவது வழக்கம். தண்ணீர் கலந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினால் மட்டும் போதாது. நுழைந்த வழியையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி இதே வேலை.

எந்த எண்ணெய் என்பது தனிக் கதை. டிராக்டருடன் வந்த கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். 'பழைய வண்டிதானே, தடிப்பான எண்ணெய் ஊற்றினால் கசிவு நிற்கும்' என்று அறிவுரை சொல்லும் நல்லவர்கள் எங்கும் இருக்கிறார்கள். கியர் எண்ணெய் மட்டும் ஊற்ற வேண்டிய பெட்டிகளுக்கான தடித்த எண்ணெயை ஹைட்ராலிக் தொட்டியில் ஊற்றினால் கசிவு கொஞ்சம் குறையலாம், பம்பு காலை தோறும் பட்டினி கிடக்கும். அந்த எண்ணெய்களில் சிலவற்றில் உள்ள கூட்டுப்பொருள்கள் பம்பிலுள்ள வெண்கலப் புஷ்களையும் (தண்டைத் தாங்கும் உருளை வளையங்கள்) அரிக்கக்கூடும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியில் தவறான எண்ணெய் ஊற்றினால் பிரேக்கும் கீச்சிடத் தொடங்கும். பிறகு எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

காற்று எங்கே நுழைகிறது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிடிப்பது கடினம், பிடித்துவிட்டால் செலவே இல்லை.

காற்று நுழையும் சந்தில் பெரும்பாலும் எண்ணெய் வெளியே கசியாது. அங்கே வெளியைவிட உள்ளே அழுத்தம் குறைவு. காற்று உள்ளே போகுமே தவிர எண்ணெய் வெளியே வராது. 'எங்கும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, அதனால் காற்றுக் கசிவாக இருக்காது' என்று முடிவு கட்டுவது இங்கே நேர் எதிரான தவறு.

தேடும் முறை இதுதான். உறிஞ்சு குழாயின் தடத்தைத் தொட்டியிலிருந்து பம்பு வரை கண்ணால் பின்தொடருங்கள். எத்தனை இணைப்புகள், எத்தனை கிளிப்புகள், எங்கெங்கே பேக்கிங் என்று எண்ணுங்கள். எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்குங்கள். எஞ்சினைக் கிளப்பிச் சத்தம் வரும் வேகத்தில் வைத்துவிட்டு, ஒரு தூரிகையால் ஒவ்வொரு இணைப்பின் மேலும் கெட்டியான கிரீஸைத் தடவுங்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. ஏதோ ஓர் இடத்தில் தடவியதும் சத்தம் திடீரென மாறும் அல்லது அடங்கும். சந்து அங்கேதான்.

எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த இணைப்பைப் பிரியுங்கள். ஓரிங் தட்டையாகிவிட்டதா, விரிசல் விட்டிருக்கிறதா? தட்டையாகிப் போன ஓரிங்கை இறுக்கி இறுக்கி உயிர்ப்பிக்க முடியாது. அதிகமாக இறுக்கினால் அலுமினிய உறையின் மரை கழன்றுவிடும். புதிதாக மாற்றும்போது பள்ளத்தின் அளவுக்குச் சரியான வளையத்தை, எண்ணெய்க்கு ஏற்ற நைட்ரைல் ரப்பரில் வாங்குங்கள். உட்காரவைக்கும் முன் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். காய்ந்த வளையம் சுருண்டு அறுந்துவிடும்.

ரப்பர் ஹோஸாக இருந்தால் கிளிப்பின் அடியில் பாருங்கள். வருடக்கணக்கில் இறுக்கிய கிளிப்பு ரப்பரை வெட்டியிருக்கும். வெட்டுப்பட்ட நுனியை நறுக்கிவிட்டு, போதிய நீளம் இருந்தால் அதையே மறுபடி மாட்டலாம்.

பம்பு தண்டின் ஆயில் சீல் தனி வழக்கு. எஞ்சினில் மாட்டிய பம்பில் இந்தச் சீல் தேய்ந்தால் காற்று புகும். சில அமைப்புகளில் ஹைட்ராலிக் எண்ணெய் எஞ்சினுக்குள் இறங்கும். ஹைட்ராலிக் அளவு குறைந்துகொண்டே போய், எஞ்சின் எண்ணெயின் அளவு காரணமின்றி ஏறிக்கொண்டே வந்தால் இந்தச் சீலைப் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தள்ளிப்போட வேண்டாம். நீர்த்துப்போன எண்ணெயோடு ஓடும் எஞ்சினுக்கு ஆயுள் குறைவு.

எண்ணெய் திரும்பி வந்து தொட்டியில் விழும் குழாயையும் பாருங்கள். அதன் வாய் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலேயிருந்து அருவி போலக் கொட்டினால் தொட்டியே நுரை அடிக்கும் பாத்திரமாகிவிடும்.

அடைப்பு எங்கே இருக்கிறது

முதலில் மூச்சுத்துளை. தொட்டிக்கு மேலே ஒரு சிறு தொப்பி அல்லது திருகு இருக்கும். எண்ணெய் உள்ளே குறையும்போது அதற்கு ஈடான காற்று இந்த வழியாக வர வேண்டும். சேறும் தூசியும் கெட்டியாகி இது அடைத்திருந்தால், எண்ணெயைத் தள்ளிவிட வேண்டிய அந்த ஒரு பாரும் குறைந்துவிடும். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: சத்தம் வரும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போய், ஊளையும் குறைந்தால் வேலை முடிந்தது. தொப்பியை டீசலில் கழுவி உலர்த்தி மாட்டுங்கள்.

அது சரியாக இருந்தால் சல்லடை. உறிஞ்சும் வழியில் இருக்கும் கம்பி வலை இது. ஓர் அங்குலத்துக்கு 100 கண் உள்ள வலையில் ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 150 மைக்ரான். மயிரிழையைவிடக் கொஞ்சம் அகலம். பழைய பேக்கிங் துணுக்குகள், பிரேக் தகடுகளின் தூள், முன்பு யாரோ தாராளமாகப் பிதுக்கிய சீலன்ட் பசை எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. பசையைப் பற்றி ஒரு வார்த்தை: வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் உதிர்ந்து இந்த வலையில் வந்து ஒட்டும்.

எண்ணெயை வடித்துவிட்டுச் சல்லடையை எடுத்து, டீசலில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் கழுவுங்கள். காற்றுக் குழாய் இருந்தால் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். வலையில் ஓட்டை விழுந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கழுவிய டீசலைக் கொட்டிவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் வடித்து, தங்கிய தூளைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, கியரிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்திருக்கும். பொன்னிறமாக மின்னி, காந்தத்துக்கு மசியாமல் இருந்தால் வெண்கலம், புஷ்கள் தேய்கின்றன. கொஞ்சம் நுண்ணிய இரும்புத்தூள் எந்தப் பழைய வண்டியிலும் இருக்கும். நகம் அளவுச் சில்லுகள் இருந்தால் கவலைப்படுங்கள்.

ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்து உள்ளே கெட்டுப்போயிருக்கலாம். உள்படலம் கழன்று, எண்ணெய் ஓடும்போது மடிந்து வழியை மறிக்கும். எஞ்சினை நிறுத்தியதும் பழையபடி விரிந்துகொள்ளும். கழற்றிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால், வயதான உறிஞ்சு ஹோஸை யோசிக்காமல் மாற்றுவேன்.

மாற்றும்போது அளவைச் சுருக்காதீர்கள். ஒரு சுற்றுக்கு 16 கன சென்டிமீட்டர் தள்ளும் பம்பு நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் 32 லிட்டர் கேட்கும். 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் அந்த எண்ணெய் வினாடிக்கு ஏறத்தாழ 1.1 மீட்டர் வேகத்தில் நகரும். உறிஞ்சும் வழிக்கு இது பொருத்தமான வேகம். கையில் கிடைத்தது என்று 19 மி.மீ. ஹோஸைப் போட்டால் வேகம் 1.9 மீட்டர் ஆகிவிடும். பார்வைக்கு 6 மி.மீ. வித்தியாசம், பம்புக்கு அது மூச்சுத்திணறல். அழுத்தப் பக்கத்து ஹோஸ் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் அதை உறிஞ்சு வழியில் போடவும் வேண்டாம். உள்விட்டம்தான் இங்கே கணக்கு.

கருவி வசதி உள்ளவர்கள் சல்லடைக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு வெற்றிட கேஜை மாட்டி அளக்கலாம். எண்ணெய் சூடாகி, எஞ்சின் வேலை வேகத்தில் ஓடும்போது கியர் பம்பின் (இரண்டு பல்சக்கரங்கள் சுழன்று எண்ணெயைத் தள்ளும் வகை) வாயில் 5 அங்குல பாதரசத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 0.17 பாருக்கு மேல் வெற்றிடம் காட்டினால் வழியில் தடை இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கேஜ் மிகக் குறைவாகக் காட்டி, சத்தமும் கரகரப்பாக இருந்தால் தேட வேண்டியது அடைப்பை அல்ல, காற்றை.

ரிலீஃப் வால்வின் சீறல்

லிஃப்ட் கைகள் உச்சிக்குப் போய் முட்டிய பிறகும் பம்பு தள்ளிக்கொண்டே இருந்தால், அதிக அழுத்தத்தை ரிலீஃப் வால்வு திறந்துவிடும். அப்போது வரும் சீறலும் கிறீச்சும் பம்பின் குற்றம் அல்ல. நெம்புகோலைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். சத்தம் உடனே நின்றால், நெம்புகோலின் உச்ச நிலையும் லிஃப்டின் உச்ச நிலையும் ஒத்துப்போகவில்லை. இணைப்புக் கம்பிகளின் அளவைக் கையேட்டின்படி திருத்த வேண்டும். அதுவரை நெம்புகோலின் பாதையில் ஓர் அடையாளம் வைத்து அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அப்படியே விட்டால் எண்ணெய் கொதித்துப் போகும்.

உச்சிக்குப் போகும் முன்பே, சுமாரான எடைக்கே சீறினால் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது இருக்கையில் அழுக்குத் துணுக்கு சிக்கியிருக்கலாம். இதைச் சொல்ல ஓர் அழுத்த கேஜ் வேண்டும். பல பழைய டிராக்டர்களில் இந்த வால்வு 140 முதல் 200 பாருக்குள் ஏதோ ஓர் அளவில் திறக்கும். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். கேஜ் இல்லாமல் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லிஃப்டுக்குப் புது வலு வந்தாற்போல இருக்கும். ஒருநாள் பம்பின் உறையோ லிஃப்டின் மேல்மூடியோ பிளக்கும்.

இன்னொரு விதச் சத்தமும் உண்டு. தூக்கி நிறுத்திய கருவி தலையாட்டுவது போல மெல்ல இறங்கி, மறுபடி 'தக்' என்று ஏறி, இப்படியே தொடரும். ஒவ்வொரு ஏற்றத்திலும் பம்பு ஒருமுறை முனகும். எங்கோ எண்ணெய் உள்ளுக்குள் கசிகிறது, வால்வு அதை ஈடுகட்டப் பார்க்கிறது. கருவியைத் தூக்கி, அருகில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு எஞ்சினை நிறுத்துங்கள். கருவி சில நிமிடங்களிலேயே தரைக்கு வந்துவிட்டால் சிலிண்டரின் வளையங்களையோ கண்ட்ரோல் வால்வையோ கவனிக்க வேண்டும். பம்பை விட்டுவிடுங்கள்.

எண்ணெயில் மூழ்கிய பம்புகள்

1946இல் வெளிவந்த ஃபெர்குசன் டீ.இ.20 டிராக்டரிலும், பின்னர் மாசே ஃபெர்குசன் 35, 135 போன்ற வண்டிகளிலும் லிஃப்ட் பம்பு வெளியே இல்லை. பின்பக்க உறைக்குள் எண்ணெயில் மூழ்கி இருக்கும். நான்கு பிஸ்டன்கள், சுழற்சி பீடிஓ தண்டிலிருந்து. கண்ட்ரோல் வால்வு உறிஞ்சும் பக்கத்தில் அமைந்திருக்கிறது. லிஃப்டுக்கு எண்ணெய் தேவையில்லாதபோது உள்ளே வரும் வழியே மூடிக்கொள்ளும்.

இதனால் மேலே சொன்னவற்றில் சில இங்கே பொருந்தாது. ஹோஸ், கிளிப்பு எதுவும் இல்லை. எண்ணெய் அளவு சரியாக இருந்தால் வெளிக்காற்று புகுவதும் அரிது. லிஃப்ட் ஏறும்போது சீராகத் துடிக்கும் 'தக் தக்' சத்தம், கூடவே விட்டுவிட்டு ஏறும் லிஃப்ட் என்றால், நான்கில் ஓர் அறையின் வால்வு சரியாக உட்காரவில்லை என்று பொருள். அழுக்கோ தேய்மானமோ காரணம். முதலில் எண்ணெயை மாற்றிச் சல்லடையைக் கழுவிப் பார்க்கலாம். அதற்கு மேல் போக வேண்டும் என்றால் கனமான உறைகளைப் பிரிக்க வேண்டியிருக்கும். புதியவர்கள் இதைத் தனியாகத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

கடைசியாகப் பம்பு

இத்தனைக்கும் பிறகு சத்தம் இருந்தால் பம்பைக் கழற்றும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. கழற்றும்போதே மாட்டும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தனவா, இணைப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆடும் இணைப்பு, உள்ளே நல்ல நிலையில் இருக்கும் பம்பையும் கடகடக்க வைக்கும்.

கியர் பம்பைப் பிரிப்பதற்கு முன் உறைகளின் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். மறுபடி பொருத்தும்போது திசை தவறாது. பக்கத் தகடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புழு அரித்தாற்போல் குழிகள் இருந்தால் அது குழிவெடிப்பின் கைவேலை. பட்டினிக்கான காரணத்தை இன்னும் நீங்கள் சரிசெய்யவில்லை, அதைச் செய்யாமல் புதுப் பம்பை மாட்டினால் அதற்கும் இதே கதி. வட்ட வட்டமான கீறல்கள் இருந்தால் எண்ணெயில் அழுக்கு. உறையின் உள்ளே உறிஞ்சும் பக்கத்தில் கியர் பற்கள் மெல்லிதாகத் தடம் பதித்திருப்பது இயல்பு. நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளமாக இருந்தால் பம்பு முடிந்துவிட்டது. சீல்களை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்ற ஆசை அங்கே பலிக்காது.

புதிது வாங்கும்போது மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: தண்டைப் பார்த்தபடி நின்றால் எந்தப் பக்கம் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு எத்தனை கன சென்டிமீட்டர், தண்டின் வடிவம். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு பம்புகள் எதிரெதிர்த் திசைக்குச் செய்தவையாக இருக்கலாம். தவறான திசையில் சுற்றினால் எண்ணெய் ஏறாது. தண்டின் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

மாட்டும்போது பம்பைக் காய்ந்த நிலையில் சுற்றவிடாதீர்கள். பெரிய துளைதான் உறிஞ்சும் வாய். அதில் சுத்தமான எண்ணெயை ஊற்றி, தண்டைக் கையால் சுற்றி நிரப்புங்கள். உறிஞ்சு ஹோஸையும் நிரப்பிவிட்டு இணையுங்கள். எஞ்சினை மெதுவான ஓட்டத்திலேயே வைத்து, கருவி எதுவும் மாட்டாமல் லிஃப்டைப் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். முதல் சில முறை கரகரக்கும். உள்ளே சிக்கிய காற்று வெளியேறுகிறது. அரை நிமிடமாகியும் லிஃப்ட் அசையவே இல்லை என்றால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் புதுப் பம்பு அங்கேயே பழையதாகிவிடும்.

காற்று போன பிறகு லிஃப்டை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் அளவை மறுபடி பாருங்கள். நிச்சயம் குறைந்திருக்கும். நிரப்பிவிட்டு, வழக்கமான கருவியை மாட்டி அரை மணி நேரம் வேலை செய்யுங்கள். பிறகு முன்பு குறிப்பு எழுதிய அதே காகிதத்தை எடுத்து, அதே வேகத்தில், அதே சுமையில் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். பழைய கியர் பம்பு முழு மௌனமாக ஓடாது. வண்டு பறப்பது போன்ற மெல்லிய ரீங்காரம் அதன் இயல்பான குரல். அது எப்படி இருக்கிறது என்பதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதி, கருவிப்பெட்டியில் போட்டுவையுங்கள்.